வலையை இறக்கிக் கட்டுங்கள், சார்

குறுவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் தினமும் சாயங்காலம் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வாலிபால் ஆடுவதைப் பார்க்கிறேன். மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

வலை 2.43 மீட்டரில் நிற்கிறது. அது வளர்ந்த ஆண்களுக்கான உயரம், பெண்களுக்கே 2.24தான். 145 சென்டிமீட்டர் உயரமுள்ள பையன் நின்றபடி கையைத் தூக்கினால் ஏறக்குறைய 185 எட்டும். 30 சென்டிமீட்டர் எம்பினாலும் 215. வலையின் மேல்விளிம்பை விரல்கூடத் தொடாது. அவனைத்தான் ஸ்மாஷ் அடிக்க, அதாவது எம்பி வலைக்கு மேலிருந்து பந்தை ஓங்கிக் கீழே அடிக்கச் சொல்கிறோம். அவன் முழங்கையை இறக்கி, பந்துக்கு அடியில் கைகொடுத்து மேலே தள்ளுகிறான். பந்து அந்தப் பக்கம் விழுந்தால் நாமும் கைதட்டிவிடுகிறோம். நானும் அப்படிப் பழகியவன்தான். கல்லூரி அணியில் சேர்ந்த பிறகும் என் முழங்கை தோளுக்கு மேலே ஏறவில்லை. கடைசியில் தோள்வலியோடு ஆட்டத்தையே விட்டேன்.

இந்தப் பிள்ளைகளுக்கு வலையை 2 மீட்டருக்கு இறக்குங்கள். முதல் சில வாரம் பந்தே வேண்டாம், ஸ்மாஷுக்கு ஓடிவந்து எம்பும் மூன்றடிக்குக் கால் பழகட்டும். வலக்கைக்காரருக்கு இடது, வலது, இடது. முதல் அடி நிதானம். இரண்டாவது நீளம், குதிகால் ஊன்றி. மூன்றாவது சட்டென்று பக்கத்தில் வந்து சேர வேண்டும். ஓடிவந்த வேகம் மேல்நோக்கித் திரும்புவது அந்தக் கடைசி இரண்டு அடியில்தான். கைகள் இரண்டும் பின்னால் போய் வீசி எழ வேண்டும். இடக்கைப் பிள்ளைக்கு எல்லாம் தலைகீழ். அதை யாரும் தனியாகச் சொல்லித்தருவதில்லை, பாவம்.

அப்புறம் ஒரு டென்னிஸ் பந்தைக் கையில் கொடுத்து, அதே மூன்றடியில் எம்பி வலைக்கு மேலாக எறியச் சொல்லுங்கள். முழங்கை தானாக உயரும். வேப்பங்கிளையில் வாலிபால் பந்தைப் பையில் கட்டித் தொங்கவிட்டாலும் போதும். தோளுக்குச் சற்று முன்னால், கை முழுதாக நீளும் இடத்தில் விரித்த உள்ளங்கையால் அடித்து மணிக்கட்டை மடக்கப் பழகுவார்கள்.

நேரம் பிடிப்பதுதான் கடைசியில் வரும், அதற்குப் பொறுமை வேண்டும். பந்து தூக்கிக்கொடுப்பவர் கையை விட்டு எழும் முன்பே பிள்ளைகள் ஓடிவிடுகிறார்கள். பந்து தலைக்குப் பின்னால் விழுகிறது. அப்போது அதட்டாதீர்கள், சார். "பந்து எழும்பட்டும், அப்புறம் கிளம்பு" என்றால் போதும்.

இன்னொன்று, முழங்கால். நம் மைதானங்கள் காய்ந்து இறுகிய தரை. இரண்டு காலிலும் முட்டி மடக்கி இறங்கச் சொல்லுங்கள். முட்டிச்சில்லுக்குக் கீழே வலிக்கிறது என்று வளரும் பிள்ளை சொன்னால், அன்றைக்குக் குதிக்க விடாதீர்கள்.

கம்பத்தில் கீழே இரண்டு கொக்கி கூடுதலாக அடிக்க வேண்டும். வெல்டிங் செலவு என்னுடையது. எந்த நாள் வரட்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மைதானத்து ஓரத்தில் நிற்கும் ஒரு பழைய ஆட்டக்காரன்