தாதியர் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை: வயிற்றுக்கும் கல்லீரலுக்கும் கொடுத்த வருடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, பினாங்குத் தீவிலிருந்தும் செபராங் பிறையிலிருந்தும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, பணி ஓய்வு பெற்ற மூத்த தாதியரே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயலவை விதிப்படி கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்தக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கங்களின் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டிய பாரங்கள் தயாராக இருக்கின்றன. மே 12 தாதியர் தினத்தை எளிமையாகக் கொண்டாடினோம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் முதலுதவி மேசை போட்டோம். அதைப் பற்றிப் பின்னால் சொல்ல ஒன்று இருக்கிறது.

சென்ற பொதுக்கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தோம். பேச்சாளர் கிடைத்ததற்கு ஏற்பத் தலைப்பு வைக்காமல், வருடம் முழுக்க ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொள்வது என்பதுதான் அது. வயிறும் கல்லீரலும் என்று முடிவானது. நம் மக்களுக்கு இனிப்புநீரும் ரத்த அழுத்தமும் பழகிய பெயர்கள். கிளினிக் அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். கல்லீரல் அப்படியில்லை. வலிக்காது, காட்டிக்கொடுக்காது. வயிறு உப்பி, கால் வீங்கி, கண் மஞ்சளாகி வரும்போது பாதிக்கு மேல் கெட்டிருக்கும்.

முதல் பயிற்சி வயிற்றைப் பரிசோதிப்பது. கல்லூரியில் படித்ததுதானே என்று சிலர் தயங்கினார்கள். ஆனால் வார்டு வேகத்தில் முதலில் மறந்துபோவது வரிசைதான். பார்ப்பது, கேட்பது, தட்டுவது, தொடுவது. தொட்டு அழுத்திவிட்டால் குடலின் சத்தம் மாறிவிடும், அதனால் ஸ்டெதஸ்கோப் முதலில். சத்தமே இல்லை என்று எழுதுவதற்கு முன் 5 நிமிடம் காது கொடுக்க வேண்டும். பரபரப்பான மதிய ஷிப்டில் அந்த 5 நிமிடம் எவ்வளவு நீளம் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

மஞ்சள் காமாலையைப் பற்றி மூத்த சிஸ்டர் ஒருவர் சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன். நம் நிறத்தில் தோலைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஆளை ஜன்னல் பக்கம் திருப்பி, பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையைப் பார்க்க வேண்டும். வாயைத் திறக்கச் சொல்லி மேலண்ணத்தையும் பார்க்க வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் லேசான மஞ்சள் தப்பிவிடும். அப்புறம், சிறுநீரும் மலமும் என்ன நிறம் என்று கேட்க வேண்டும். சிறுநீர் தேத்தண்ணி நிறத்திலும் மலம் வெளுத்தும் இருந்தால் பித்தக் குழாய் அடைத்திருக்கலாம்.

வயிற்றில் நீர் சேர்கிறதா என்று அறிய வயிற்றுச் சுற்றளவை அளப்பதையும் அவரே செய்து காட்டினார். படுக்க வைத்து, தொப்புள் மட்டத்தில் டேப்பைச் சுற்றி, இரண்டு பக்கமும் பேனாவால் கோடு போட்டார். காலையில், சிறுநீர் கழித்த பிறகு, பசியாறுவதற்கு முன், மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். மறுநாள் யார் வந்தாலும் அதே கோட்டில்தான் டேப் போக வேண்டும். கோடு இல்லாமல் ஒரே ஆளைப் பங்கேற்பாளர்கள் மாறி மாறி அளந்தபோது எண்கள் ஒத்துப்போகவே இல்லை. அந்த வித்தியாசத்தை நீர் என்று நம்பி மாத்திரையைக் கூட்டினால் என்ன ஆகும் என்று அவர் கேட்டதும் அறையில் பேச்சு நின்றது. எடை பார்ப்பதும் இதே போலத்தான். நீர் இறக்கும் மாத்திரை கொடுக்கும்போது கால் வீக்கம் இல்லாதவருக்கு நாளுக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறையக் கூடாது. வீக்கம் இருப்பவருக்கு 1 கிலோ வரை போகலாம். அதைத் தாண்டினால் சிறுநீரகம் அடிபடும்.

அடுத்தது கேஸ்ட்ரிக். நம் ஊரில் நெஞ்சுக்குழிக்குக் கீழே எது வலித்தாலும் கேஸ்ட்ரிக்தான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சிக்கல் மீதியில்தான். இனிப்புநீர் உள்ள அம்மா ஒருவர் வாயுப் பிடிப்பு என்று வேர்த்து விறுவிறுத்து வந்தால், சிரப் ஊற்றுவதற்கு முன், வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும். மாரடைப்பு வயிற்று வலியாக வேஷம் போடும். டெங்கி நோயாளிக்குக் காய்ச்சல் இறங்கும் நாளில் வயிற்று வலியும் விடாத வாந்தியும் வந்தால் அது அபாய அறிகுறி. காய்ச்சல் விட்டதே என்று வீட்டார் சந்தோஷப்படும் நேரம் அது, நாம் விழித்திருக்க வேண்டிய நேரமும் அதுதான். வலி முதுகுவரை துளைத்து, முன்னால் குனிந்தால் கொஞ்சம் தணிகிறது என்றால் கணையத்தை நினைக்க வேண்டும். மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கிப் போடும் மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கும், அதைப் பற்றி நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, நாற்றம் வேறாக இருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது. இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் பிசுபிசுப்பு இருக்காது. நாமே ஒருமுறை பார்த்து எழுதிவிட்டால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

எச். பைலோரி கிருமியைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேசினோம். இரைப்பைப் புண்ணுக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று இருந்த நம்பிக்கையை மாற்றி, பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றது இந்தக் கிருமிக்காகத்தான். மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் இது அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆகவே இது நம் வீட்டு விஷயம். மூச்சுப் பரிசோதனைக்கு வருபவர் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வகை மாத்திரையை 2 வாரத்துக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், ஆன்டிபயாட்டிக்கை 4 வாரத்துக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி உள்ளே இருந்தாலும் இல்லை என்று முடிவு வரும். தேதி கொடுக்கும் கவுண்டரில் இதைச் சொல்வது நம் வேலை.

இனி கல்லீரல். வருடத்தின் பெரும்பகுதி இதற்கே போனது.

ஈரல் சுருங்கிய நோயாளிகள் திரும்பத் திரும்ப வார்டுக்கு வருவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். வீட்டுக்கு அனுப்பும் அந்த அரை மணி நேரத்தில் நாம் என்ன சொல்கிறோம், யாரிடம் சொல்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். லாக்டுலோஸ் சிரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மலச்சிக்கலுக்கான மருந்து என்று பாட்டிலைக் கொடுத்து அனுப்பினால், இரண்டாம் நாள் பேதி ஆகிறது என்று வீட்டுக்காரம்மா நிறுத்திவிடுவார். அவர் மேல் தப்பில்லை. குடலில் உண்டாகும் அம்மோனியா மூளைக்கு ஏறாமல் இருக்கத்தான் அந்த சிரப், நாளுக்கு 2 அல்லது 3 முறை இளகலாக மலம் போவதுதான் கணக்கு, குறைந்தால் கூட்டவும், தண்ணீராகப் போனால் குறைக்கவும் என்று சொன்னால் அவரே பிரமாதமாகப் பார்த்துக்கொள்வார். பகலில் தூங்கி இரவில் முழித்திருப்பது, கையெழுத்து மாறுவது, கையை நீட்டி விரித்தால் படபடவென்று அடிப்பது என எந்த அறிகுறிக்கு உடனே கூட்டிவர வேண்டும் என்பதையும் அவருக்கே சொல்ல வேண்டும். கையெழுத்துக்கு ஓர் உறுப்பினர் நல்ல யோசனை தந்தார். தினமும் காலண்டர் தாளில் நோயாளியைத் தன் பெயரை எழுதச் சொல்வது. கோணலானால் வீட்டாருக்கே தெரிந்துவிடும்.

உப்புக்கு ஒரு மேசை போட்டோம். நாளுக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி, ஒரு தட்டில் நடுவில். சுற்றிலும் ஊறுகாய், கருவாடு, அப்பளம், கீச்சாப், மேகி மீ, பாக்கெட் முறுக்கு. உப்புக் குறைவாகச் சாப்பிடுங்கள் என்று சொல்வதைவிட அந்த மேசை அதிகம் பேசியது. குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் கருவாடு வைப்பவர்கள்தானே நாம். கடையில் விற்கும் மாற்று உப்பைப் பற்றியும் எச்சரித்தோம். அதில் பொட்டாசியம் இருக்கும், ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் இறக்கும் மாத்திரை எடுப்பவருக்கு அது ஆபத்து.

புரதத்தைப் பற்றியும் பழைய பாடத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஈரல் நோயாளிக்கு முட்டை, மீன், பருப்பைக் குறை என்ற காலம் போய்விட்டது. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும், படுக்கைக்கு முன் ஒரு சிறு உணவும் வேண்டும். சுருங்கிய ஈரலில் சேமிப்பு கிடையாது, ஓர் இரவு பட்டினியில் தசை கரையத் தொடங்கும். இங்கேதான் தைப்பூசம் வருகிறது. ஒருவேளை மட்டும் சாப்பிட்டு வாரக்கணக்கில் விரதம் இருந்து காவடி எடுக்க வந்தவர்களில் ஈரல் நோயுள்ளவர்களும் இருந்தார்கள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்தவர் அலகு குத்தினால் ரத்தம் நிற்பது கஷ்டம். நேர்த்திக்கடனை விடுங்கள் என்று சொல்லும் உரிமை நமக்கில்லை. மரக்கறி விரதத்திலேயே பருப்பும் தயிரும் சுண்டலும் சேர்த்து, வேளை தவறாமல் சாப்பிட்டு, அலகுக்குப் பதில் பால்குடம் எடுக்கலாம் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னபோது கோபித்துக்கொண்டவர் ஒருவரும் இல்லை. அடுத்த முறை இதை விரதம் தொடங்கும் முன்பே கோயில்களில் சொல்ல வேண்டும்.

குடியைப் பற்றிக் கேட்பது கஷ்டமான காரியம். தோட்டப்புறக் காலத்துச் சம்சு என்ற மலிவுச் சாராயத்திலிருந்து இன்றைய மலிவு பாட்டில்வரை அது நம் சமூகத்தைத் தின்றிருக்கிறது என்பது எனக்கு மனம் எரியும் விஷயம். ஆனால் மகனும் மருமகளும் கட்டிலைச் சுற்றி நிற்கும்போது, குடிப்பீங்களா என்று கேட்டால் உண்மை வராது. திரையை இழுத்துவிட்டு, ஐயா, கடைசியா எப்போ குடிச்சீங்க, எவ்வளவு, என்று சாதாரணமாகக் கேட்க வேண்டும். அந்தப் பதில் உயிர் காக்கும். குடியை நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாளில் வேர்வை, படபடப்பு, நடுக்கத்தோடு வரும் குழப்பம் வேறு, அம்மோனியா ஏறி மந்தமாகும் குழப்பம் வேறு. வைத்தியமும் வேறு. குளுக்கோஸ் டிரிப்புக்கு முன் தயமின் (வைட்டமின் பி1) கொடுக்கப்பட்டதா என்று பார்ப்பதும் இந்தப் பதிலை வைத்துத்தான். குடிக்கவே குடிக்காத இனிப்புநீர்க்காரருக்கும் கொழுப்பு ஈரல் முற்றிச் சுருங்கும் என்பதால், எல்லா ஈரல் நோயாளியையும் குடிகாரராகப் பார்ப்பதையும் நாம் விட வேண்டும்.

ஜூலை 28 உலக ஹெபடைடிஸ் (கல்லீரல் அழற்சி) தினத்தில் குடும்பங்களுக்கான கூட்டம் வைத்தோம். அது ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்த பரூக் பிளம்பர்க் பிறந்த நாள். கூட்டத்தில் முதல் கேள்வி, எதிர்பார்த்தபடியே, கீழாநெல்லி. நம் பாட்டிமார் அரைத்துக் கொடுத்ததைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது. பிளம்பர்க் அவர்களே கீழாநெல்லியை நம்பிக்கையோடு பார்த்தவர்தான். சென்னை ஆய்வாளர்களோடு அவர் சேர்ந்து எழுதிய கட்டுரை 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 59 விழுக்காட்டினரிடம் கிருமியின் அடையாளம் மறைந்ததாக அது சொன்னது. பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதை மரியாதையாக எடுத்துச் சொன்னபோது கேட்டுக்கொண்டார்கள். எதைக் குடித்தாலும் எங்களிடம் மறைக்காதீர்கள், மருந்தை நிறுத்தாதீர்கள் என்பதுதான் நாம் வைத்த கோரிக்கை.

இந்த நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 1989-இல் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், நம்மில் பலரும் அதில் அடக்கம். வேலையில் நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்கள் கையில் குத்திவிட்டால் மறைக்காமல் உடனே சொல்லுங்கள். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் மாத்திரையால் குணமாகும். எட்டாத விலையில் இருந்த சோஃபோஸ்புவிர் மருந்தை மலிவாகக் கொண்டுவர 2017-இல் அரசு காப்புரிமையைத் தாண்டி உரிமம் கொடுத்தது. பெரும்பாலோருக்கு 12 வாரச் சிகிச்சை போதும். அந்தச் செய்தி இன்னும் நம் தாமான் குடியிருப்புகளுக்குள் போய்ச் சேரவில்லை.

முடியாமல் போனது ஒன்று: வீட்டுக்குப் போகும் ஈரல் நோயாளிக்குக் கொடுக்கத் தமிழிலும் மலாயிலும் ஒரே தாளில் குறிப்பு. வரைவு இருக்கிறது. லாக்டுலோஸ், உப்பு, எடை, பாராசிட்டமால் நாளுக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம், ரத்த வாந்தியோ கறுத்த மலமோ வந்தால் கிளினிக்குக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரி என்பதுவரை எழுதியாகிவிட்டது. மருத்துவர் ஒருவரும் உணவியலாளர் ஒருவரும் சரிபார்க்க வேண்டும், எழுத்து பெரிதாக வேண்டும். வாசிக்கத் தெரியாத தாத்தா பாட்டிகளுக்குப் படமும் வேண்டும். படம் வரையத் தெரிந்த உறுப்பினர்கள் தேநீர் இடைவேளையில் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். புதிய செயலவை முதல் கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற தீர்மானத்தை இந்த அறிக்கையோடு சேர்த்து முன்வைக்கிறேன். இரண்டையும் ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்