வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலையிடத்தில் அடிபட்டவர்களுக்குக் கிடைக்கும் நட்டஈடு பற்றி உங்கள் பத்திரிகையில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. நட்டஈடு வாங்கிய பிறகு அந்த ஆள் எப்படி வேலைக்குத் திரும்புகிறார் என்பதை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

நான் திருகோணமலை மாவட்டத்துச் சாம்பல்தீவில் இருக்கிறேன், வயது 46. தம்பலகாமம் பக்கத்தில் ஒரு அரிசி ஆலையில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். காலையில் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். போன வருடம் பெரும்போக நெல் வந்து குவிந்திருந்த நேரம், தவிடு அடைத்துக்கொண்ட இடத்தைத் துப்புரவாக்கும்போது எலிவேட்டர் பெல்ட்டில் வலது கை சிக்கியது. நடுவிரலும் மோதிரவிரலும் போய்விட்டன. முதலாளியே தன் வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதை நான் மறக்கவில்லை.

நட்டஈடும் கிடைத்தது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. எந்த உறுப்பு போனால் உழைக்கும் சக்தியில் எத்தனை வீதம் போனதாக எடுப்பது என்று அதில் ஒரு அட்டவணை உண்டு. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற கிளாக் ஐயாதான் விண்ணப்பத்தை நிரப்பித் தந்தார். வந்த காசு மனைவியின் நகையை மீட்கவும் கடைக் கடனைக் கட்டவும் சரியாக இருந்தது.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஏழு கிழமை வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குப் போனேன். டொக்டர் ஒரு துண்டு எழுதித் தந்திருந்தார்: மூன்று மாதத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது, லைட் டியூட்டி மட்டும். மனேஜர் அதை வாசித்தார், மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “இங்கே அப்படி வேலை இல்லை, அண்ணை” என்றார்.

வேலை இருந்தது. அதுதான் இன்று வரை என் மனதை அறுக்கிறது. மூட்டை வாய் தைக்கும் மெஷினை இடது கையால் பிடித்து ஓட்டலாம். லொறியில் வரும் நெல்லை நிறுத்துக் கொப்பியில் பதியலாம், தராசில் நின்ற தம்பி அடுத்த கிழமை கல்யாண லீவில் போக இருந்தான். நெல் காயப்போடும் களத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஒன்பது வருடம் இதே ஆலையில் நின்ற எனக்கு எந்த மூலையில் என்ன வேலை என்று தெரியாதா? எல்லாவற்றையும் சொன்னேன். “யோசிப்போம்” என்றார்கள். அன்று பின்னேரமே லொறி வந்தது, ஆள் போதாது, மூட்டைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று விரலால் 50 கிலோ மூட்டையைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது விளங்கும். இல்லாத விரல் நோகும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். மூன்றாம் நாள் காயம் பிரிந்து இரத்தம் வந்தது. அன்று வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை.

என்னை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை, நானாகவே நின்றேன் என்றுதான் பதிவு இருக்கும்.

நிறுத்தியிருந்தாலும் வேலை நீக்கச் சட்டம் எனக்கு உதவியிருக்காது என்று அப்புறம்தான் தெரிந்தது. 1971ஆம் ஆண்டு வேலை நீக்கச் சட்டத்தின்படி ஒழுக்கக் காரணம் இல்லாமல் ஒருவரை நீக்குவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். ஆனால் 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு அந்தச் சட்டம் செல்லாது. எங்கள் ஆலையில் நாங்கள் 11 பேர். சீனக்குடாவில் உள்ள பெரிய ஆலைகளில் வேலை செய்பவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா, மூதூர் என்று மாவட்டம் முழுக்கச் சின்ன ஆலைகளிலும் பட்டறைகளிலும் நிற்பவருக்கு இல்லை. கை போவதற்குப் பெரிய ஆலை, சின்ன ஆலை என்று வித்தியாசம் உண்டா?

நட்டஈட்டுச் சட்டத்தை 2022இல் திருத்தினார்கள். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தையும் சேர்த்தார்கள். என்னைப் போல இரண்டு பஸ் மாறிப் போகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். அதே கையோடு வேலைக்குத் திரும்புவதைப் பற்றியும் எழுதியிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். டொக்டர் எழுதிய லைட் டியூட்டித் துண்டுக்கு முதலாளி எழுத்தில் பதில் தர வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று தொழில் அதிகாரி ஆலைக்கே வந்து பார்க்க வேண்டும். அந்த மூன்று மாதத்துக்குள் ஆளை வெளியேற்றக் கூடாது, அங்கே 15 பேர் வேலை செய்தாலும் சரி, ஐந்து பேர் என்றாலும் சரி. முதலாளிமாருக்கும் இதில் நட்டம் இல்லை. ஒன்பது வருடம் பழகிய ஒருவன் தராசில் நின்றால் கணக்குப் பிழைக்காது.

இப்போது காலையில் சந்தைக்குப் பக்கத்தில் ஒருவருடைய மரக்கறிக் கடையில் நிற்கிறேன். கூலி முன்பு எடுத்ததில் பாதிதான். என்னுடைய இடத்துக்கு வந்த பையனைப் போன மாதம் பஸ்ஸில் கண்டேன். பெல்ட்டுக்கு மூடி போட்டுவிட்டார்களாம். நல்லது.

டொக்டரின் துண்டை மனேஜரிடம் கொடுக்க முன் மகள் ஒரு போட்டோக்கொப்பி எடுத்து வைத்திருந்தாள். தொழில் அதிகாரிகளோ பாராளுமன்ற உறுப்பினர்களோ இந்தக் கடிதத்தை வாசித்தால், எங்கே கூப்பிட்டாலும் அதைக் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
க. ந.
சாம்பல்தீவு, திருகோணமலை