ஓடும் இரத்தத்தில் நிற்காத சூடு

புளியரை

அன்புள்ள சங்கரா,

ஏழு மாதமாக ஒரு வரிகூட எழுதாத என்னைப் பட்டாணி அண்ணனிடம் நீ திட்டித் தீர்த்தது காதுக்கு வந்தது. எல்லோரும் நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. பெருங்குடல் புற்றுக்கான அறுவை முடிந்து ஒன்றரை ஆண்டு கழித்து என் அண்ணனுக்கு ஈரலில் இரண்டு கட்டிகள் தெரிந்தன. பெருங்குடலின் இரத்தம் முதலில் ஈரலுக்கே போவதால், அங்கிருந்து புறப்படும் புற்றணுக்களுக்கு அதுதான் முதல் சத்திரம்.

சென்ற வியாழக்கிழமை திருவனந்தபுரத்தில், வயிற்றைத் திறக்காமல், ஸ்கேன் பார்த்தபடி ஊசியைச் செலுத்தி, மைக்ரோவேவ் சூட்டால் இரண்டையும் பொசுக்கினார்கள். மறுநாளே ஆரியங்காவு வழியாக வீடு திரும்பியவர், புட்டுக்குப் பழம் இல்லை என்று மதினியோடு சண்டையும் போட்டுவிட்டார்.

வெட்டி எடுப்பதே நல்லது என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். 3 செ.மீ.க்கு மேற்படாத கட்டிகளில், ஆயுளைப் பொறுத்தவரை சூட்டுச் சிகிச்சை அறுவைக்குப் பின்தங்கவில்லை, சிக்கல்களும் குறைவு என்று நெதர்லாந்து தலைமையில் நடந்த கொலிஷன் ஆய்வைக் காட்டி மருத்துவர் என் வாயை அடைத்தார். அண்ணனுடையவை 2.4, 1.8 செ.மீ.தான்.

ஆனால் சின்னக் கட்டி வலது ஈரல் சிரையை ஒட்டி இருந்தது. 60 டிகிரி எட்டினால் புற்றணு உடனே செத்துவிடும் என்பது சரி, 3 மி.மீ.க்கு மேல் அகலமான நாளத்தில் ஓடும் இரத்தமோ, பக்கத்தில் ஏறும் சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். ஐந்தருவிக்கு அடியில் பானையை வைத்து வெந்நீர் போடுகிற கதைதான். ரேடியோ அலையால் சுடுவதைவிட மைக்ரோவேவுக்கு இந்தத் தொல்லை குறைவே தவிர, இல்லாமல் இல்லை. கட்டியைச் சுற்றி 5 மி.மீ., முடிந்தால் 10 மி.மீ. நல்ல ஈரலும் வெந்திருக்க வேண்டுமாம். சிரைப் பக்கம் எத்தனை என்று மூன்று முறை கேட்டேன். "ஒரு மாதம் கழித்து ஸ்கேனில் பார்க்கலாம், மாஷே" என்றார். நம் பௌதிக ஆய்வகத்தில் இப்படிப் பதில் சொல்லியிருந்தால் மொட்டை வாத்தியார் விட்டிருப்பாரா?

அறுக்க முடியாத கட்டிகள் இருந்த 119 பேரிடம் நடந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், மருந்து மட்டும் பெற்றவர்களில் 8.9 விழுக்காட்டினரும், சூட்டுச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 35.9 விழுக்காட்டினரும் 8 ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். பெருமையாக இதை மதினியிடம் சொன்னேன். "அந்த முப்பத்தஞ்சுல இவங்க இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு நா எழவில்லை.

மதினியின் கேள்விக்கான விடை கட்டிகளின் அளவில் மட்டும் இல்லை. எண்ணிக்கை இரண்டே, ஈரலுக்கு வெளியே பரவல் தெரியவில்லை, குடல் புற்று இருந்தால் பெரும்பாலும் கூடுகிற சி.இ.ஏ. என்ற புரதத்தின் அளவும் இரத்தத்தில் குறைவு. இவ்வளவும் நமக்குச் சாதகம். முதல் அறுவையில் எடுத்த நிணநீர்க் கணுக்களில் நோய் இருந்ததா, அணு வளர்ச்சியைத் தூண்டும் ராஸ் மரபணுவில் புற்றணுக்களில் மாற்றம் உண்டா என்ற இரண்டும்தான் தெரியவில்லை. மாற்றம் இருந்தால், சுட்ட இடத்திலேயே கட்டி திரும்பும் வாய்ப்பு கூடும். அப்போது அந்தச் சிரைப் பக்கத்து மில்லிமீட்டர்கள் இன்னும் முக்கியமாகிவிடும். திசுப் பரிசோதனை அறிக்கை சென்னையில் அறுவை நடந்த மருத்துவமனையில் கிடக்கிறது. தொலைபேசியில் கேட்டால், நேரில் வா என்கிறார்கள்.

அதனால்தான் இந்தக் கடிதம். அண்ணன் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அறிக்கையை வாங்கு; மரபணுச் சோதனையே செய்யவில்லை என்றால், மெழுகில் பதித்துவைத்த திசுத்துண்டைக் கேட்டு வாங்கு. ஸ்கேனுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தபாலில் அனுப்பாமல் நீயே கொண்டுவந்தால், திட்ட வேண்டியதை நேரிலேயே திட்டிக்கொள்ளலாம்.

உன்,
முருகன்