டிராயரை லேசாகத் திறந்து வைத்தவன்

கண்ணா,

"அந்த ரவுடிப் படத்தை இன்னும் எத்தனை தடவைதான்மா பார்ப்பே?" என்று நேற்று ஃபோனில் சிரித்தாய். சட்டென்று பதில் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

'டானி பிராஸ்கோ' 1997-இல் வந்தது. டானி என்ற பொய்ப் பெயரில் மாஃபியா கும்பலுக்குள் வேஷம் போட்டு நுழைகிற ஒரு போலீஸ்காரனின் கதை. முதல் தடவை எனக்கும் உன்னைப் போலத்தான், எப்போது மாட்டுவானோ என்ற படபடப்பு மட்டும். அந்த ஜப்பானிய ஓட்டல் ஞாபகம் இருக்கிறதா? பூட்ஸைக் கழற்றிவிட்டு வரச் சொல்கிறார்கள், உள்ளே டேப் ரெக்கார்டர் இருக்கிறது, கழற்றினால் தலை தப்பாது. 'என் அப்பா ஜப்பான்காரர்களோடு நடந்த சண்டையில் செத்தவர், இந்த ஓட்டல்காரன் சொல்லி நான் கழற்றுவதா' என்று டானி ஒரு பொய்யை எடுத்துவிடுகிறான். கூட்டாளிகள் அதை நம்பி, பாவம் ஒன்றும் அறியாத அந்த ஓட்டல்காரரை அடித்துத் துவைக்கிறார்கள், போலீஸ்காரனான இவனும் சேர்ந்து அடிக்கிறான். என்னைக் கேட்டால் படத்தின் உயிர் அங்கேதான். வேஷம் எங்கே முடிகிறது, ஆள் எங்கே தொடங்குகிறான் என்று அவனுக்கே தெரியாது.

கதையும் கட்டுக்கதை இல்லை. ஜோ பிஸ்டோன் என்ற எஃப்.பி.ஐ. (அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை) ஆள் 1976-இல் நகைத் திருடன் வேஷத்தில் நியூயார்க்கின் மாஃபியாக்காரர்களிடம் போய் ஒட்டிக்கொண்டு, பொனானோ குடும்பம் என்ற மாஃபியா கும்பலுக்குள் நுழைந்து, 1981 வரை அங்கேயே கிடந்தார். அவரால் நூறு பேருக்கு மேல் தண்டனை வாங்கினார்கள்.

ஆனால் இப்போதெல்லாம் நான் பார்ப்பது டானியை இல்லை, அவனை நம்பிச் சேர்த்துக்கொண்ட கிழட்டு மாஃபியாக்காரன் லெஃப்டியை. அந்த வேஷத்தில் நடித்த அல் பசினோவை அவ்வளவு சோர்ந்த முகத்தோடு நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஊரே நடுங்கும் மாஃபியா என்று பெயர், கையிலோ காசில்லை. பார்க்கிங் மீட்டரைத் திருடி வந்து சில்லறைக்காக உடைக்கிற கும்பல். பதவி வேறொருவனுக்குப் போகிறது. பெற்ற பிள்ளை போதையில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இந்த நிலையில் வந்து சேர்ந்த புதுப் பையன் டானிக்குத்தான் 'இவன் நம்ம ஆள், நான் பொறுப்பு' என்று வாக்குக் கொடுக்கிறான். அவர்கள் வழக்கப்படி அது சும்மா சிபாரிசு இல்லை, அவன் துரோகி என்று தெரிந்தால் போவது சொன்னவன் உயிர். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்போமே, அதைச் சம்பளம் கொடுத்து அரசாங்கமே செய்யச் சொல்கிறது. செய்தது சரியான வேலை, எனக்கு அதில் சந்தேகமில்லை, ஆனாலும் தொண்டை அடைக்கிறது.

கடைசியில் டானி யாரென்று அம்பலமானதும் ஒரு ஃபோன் வருகிறது. எதற்கென்று லெஃப்டிக்குப் புரிந்துவிடுகிறது. வாட்ச், மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி டிராயரில் வைத்து மூடுகிறான், கதவு வரை போனவன் திரும்பி வந்து மனைவி கண்ணில் படட்டும் என்று லேசாகத் திறந்து வைத்துவிட்டுப் போகிறான்.

நிஜ லெஃப்டியைக் கும்பல் கொல்வதற்குள் எஃப்.பி.ஐ. கைது செய்துவிட்டது, பிறகு சிறைவாசம், 1994-இல் புற்றுநோயில் போனார். அது தெரிந்த பிறகும் அந்த டிராயரைப் பார்க்கும்போதெல்லாம் அழுகிறேன், உன் அப்பா டிவியை அணைக்கவா என்கிறார்.

நீ போன தடவை வந்தபோது பாதியில் தூங்கிவிட்டாய். மிச்சத்தைப் பார்த்துவிட்டு ஃபோன் பண்ணு.

அம்மா