பகிடிக்கு விளக்கமறியல் வேண்டாம்: திருகோணமலை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். நான் திருகோணமலையில் இளம் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குகிறவன். அவர்களில் சிலருக்கு இப்போது ஸ்டாண்ட் அப் கொமெடியில் ஆசை வந்திருக்கிறது. ஒரு மைக்கும் ஒரு ஆளும் இருந்தால் போதும், செலவில்லை. ஆனால் எழுதிக்கொண்டு வந்து காட்டும்போது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சேர், இதைச் சொன்னாப் பிடிச்சிடுவாங்களா?" சிரிப்பு வருமா என்று கேட்க வேண்டிய பிள்ளைகள் இப்படிக் கேட்கிறார்கள். இல்லை என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2023 மே மாதம் ஸ்டாண்ட் அப் கலைஞர் நடாஷா எதிரிசூரிய கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதானார். கொழும்பில் நடந்த நிகழ்ச்சியில் பௌத்தத்தை இழிவுபடுத்தினார் என்பது குற்றச்சாட்டு. யூடியூப் அலைவரிசை நடத்தும் ஒருவரையும் அதே விவகாரத்தில் பிடித்தார்கள். நடாஷாவுக்கு ஜூலை 5ஆம் திகதிதான் பிணை கிடைத்தது. அவருடைய பகிடி நல்லதா கெட்டதா என்று ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஒரு பகிடிக்காக ஒருவர் ஒரு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

அதற்குக் காரணம் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் பெயரில் வந்த சட்டம், ஐசிசிபிஆர் சட்டம் என்றால் எல்லோருக்கும் தெரியும். இன, மத வெறுப்பைத் தூண்டி, அதன் மூலம் பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ வழி செய்வதை அதன் 3ஆம் பிரிவு தடுக்கிறது. நல்ல நோக்கம், அதில் சந்தேகமில்லை. ஆனால் தண்டனை 10 வருடம் வரை. பிணை கொடுக்க நீதவானுக்கு அதிகாரம் இல்லை. மேல் நீதிமன்றம் மட்டும், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில்தான் கொடுக்கலாம். ஆகவே, யாரோ ஒருவர் மனம் புண்பட்டு முறைப்பாடு செய்தாலே போதும், வழக்கு நிற்குமா என்று பார்ப்பதற்கு முன்பே மறியல் தொடங்கிவிடும். 2019இல் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக இதே சட்டத்தில் ஏறத்தாழ 4 மாதம் உள்ளே இருந்தார். தமிழில் கவிதை எழுதிய அஹ்னாப் ஜஸீம் மீது பாய்ந்தது வேறு சட்டம், பயங்கரவாதத் தடைச் சட்டம். 2020இல் பிடிபட்டு ஒன்றரை வருடத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்த அவரை 2023இல் நீதிமன்றம் விடுதலை செய்தது. இழந்த அந்த நாட்களை அவருக்கு யார் கொடுப்பார்கள்?

மதத்தைத் தொடாமல் பகிடி விட முடியாதா என்று என் வீட்டுப் பெரியவர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நான் அவர்களுக்குச் சொல்வது சுந்தரரைப் பற்றி. சிவனைப் பித்தா என்று அழைத்துப் பாடத் தொடங்கியவர் அவர். கண்பார்வை போனபோது திருவாரூரில் நின்று, நீர் மட்டும் நன்றாக வாழ்ந்து போம் என்று கடவுளையே கடிந்து பாடினார். அவரை நாயன்மாராக வைத்துக் கும்பிடுகிறோம், அந்தத் தேவாரத்தை ஓதவும் செய்கிறோம். தனி ஆளாக மேடையில் நின்று சிரிக்க வைப்பதும் எங்களுக்குப் புதிதல்ல. கே. எஸ். பாலச்சந்திரன் 'அண்ணை றைற்' தனிநடிப்பில் பஸ் கண்டக்டராக நின்று ஈழத்துத் தமிழர்களைச் சிரிக்க வைத்தவர்.

எல்லாப் பகிடியும் எனக்குச் சம்மதம் என்று நினைக்க வேண்டாம். மலையக மக்களின் பேச்சை நெளித்துக் காட்டுவது, முஸ்லிம்களின் உடுப்பைக் கேலி செய்வது, ஒருத்தியின் நிறத்தைச் சொல்லிச் சிரிப்பது, இதெல்லாம் என் பிள்ளைகளின் எழுத்தில் வந்தால் வெட்டச் சொல்வேன். எளியவர் மேல் ஏறி நின்று சிரிப்பது கேவலம் என்று விளங்கப்படுத்துவேன். சனம் கைதட்டாமல் இருக்கலாம், எழும்பிப் போகலாம், கடுமையாக விமர்சித்து எழுதலாம். இதற்குப் பொலிஸ் தேவையில்லை.

எங்கள் ஆட்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நடாஷா கைதானபோது தமிழர் பலர் அவர் பக்கம் நின்றார்கள். நாளைக்கு ஒருவர் எங்கள் ஊர்ச் சிவன் கோணேசரைப் பற்றிப் பகிடி சொன்னால் அதே ஆட்களில் சிலர் பொலிசுக்கு ஓடுவார்கள் என்றே நினைக்கிறேன். ஓடக்கூடாது. அவரவர் சாமிக்கு ஒரு நியாயம் என்றால் பிறகு உரிமை பற்றிப் பேச முடியாது.

திருகோணமலை நெருப்புப் பெட்டி, இங்கே கவனம் வேண்டும் என்பீர்கள். தெரியும். 2005இல் பஸ் நிலையத்தருகே இரவோடு இரவாகப் புத்தர் சிலை வைத்தபோது ஊர் எப்படி இருந்தது என்று இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. உண்மையான தூண்டுதல் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்த ஊர் இது. அதனால்தான் அதையும் மேடைப் பகிடியையும் ஒரே பிரிவில் போட வேண்டாம் என்று கேட்கிறோம்.

நீங்கள் நால்வரும் ஒரே கட்சியில்லை, ஒரே சமூகமும் இல்லை. இந்த விடயத்தில் அது பெரிய பலம். 3ஆம் பிரிவின் கீழும் நீதவான் பிணை கொடுக்கலாம் என்று சட்டத்தைத் திருத்தும் தனி உறுப்பினர் சட்டமூலம் ஒன்றைச் சேர்ந்து கொண்டு வாருங்கள். பேச்சுக்காகவோ எழுத்துக்காகவோ ஒருவரைக் கைது செய்வதற்கு முன் சட்டமா அதிபரின் ஆலோசனை கட்டாயம் என்றும் அதில் சேருங்கள். அப்புறம், நகரத்தில் ஒரு நாள் எங்கள் பிள்ளைகளைச் சந்தியுங்கள். அவர்கள் எழுதியதை உங்கள் முன்னால் செய்து காட்டுவார்கள். உங்களைப் பற்றியும் இருக்கும்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு நாடகப் பயிற்சியாளன்