உரிக்க விடாத கைகளுக்கு ஒரு நன்றி மடல்

உடன் நடந்தவர்களுக்கும் வழியில் உதவியவர்களுக்கும் வணக்கம்.

நம் நடைப்பயணத்தின் இரண்டாம் நாள் மாலை, காலில் கொப்புளங்கள் வந்து எனக்கு என்ன ஆயிற்று என்பதை உங்களில் பெரும்பாலோர் நேரில் பார்த்தீர்கள். பார்க்காதவர்களும் அன்றிரவே கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆகவே அதை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. இன்றுதான் முதன்முறையாக இரண்டு பாதங்களையும் முழுதாகத் தரையில் ஊன்றி, சுவரைப் பிடிக்காமல் வாசல்வரை சென்று திரும்பினேன். அந்த நிம்மதி பழகிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பையையும் சேர்த்துச் சுமந்தவர், தம் தண்ணீரில் பாதியை என் கால் கழுவத் தந்தவர், எனக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு அதைக் காட்டிக்கொள்ளாமல் பேசிக்கொண்டே வந்த இருவர், மறுநாள் வண்டி ஏற்பாடு செய்து என்னை மருத்துவரிடம் அழைத்துச் சென்றவர், வீட்டில் ஆறு நாள்களாக என் முணுமுணுப்பைப் பொறுத்துக்கொண்டவர்கள் என எல்லோருக்கும் ஒன்றாக நன்றி சொல்கிறேன். இப்படி ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதற்கு மன்னிக்க வேண்டும். இந்த மடலின் பெரும்பகுதி, பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளாத ஓர் அம்மாவுக்கு உரியது.

அன்று ஓரமாக உட்கார்ந்து ஷூவைக் கழற்றியபோது மூன்று கொப்புளங்கள் இருந்தன. இடது குதிகாலில், பெரிய நெல்லிக்காயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போல ஒன்று, நீர் கோத்து விம்மிக்கொண்டிருந்தது. வலது சுண்டுவிரலில் இருந்தது எப்போதோ உடைந்து, மேல்தோல் ஒரு பக்கம் மட்டும் ஒட்டியபடி காலுறையோடு இழுபட்டுக்கொண்டிருந்தது. முன்பாதத்தில் மிளகளவில் மூன்றாவது ஒன்று. அதை நான் கவனிக்கவேயில்லை. தொங்குகிற தோலைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை. நகத்தால் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கப் போனேன். அப்போதுதான் “உரிக்காதே தம்பி” என்ற குரல் கேட்டது.

அவர் நம் குழுவைச் சேர்ந்தவர் அல்லர். அதே வழியில் தனியாக நடந்துகொண்டிருந்தவர்; அறுபதைக் கடந்திருப்பார். முதுகுப்பையை இறக்கி வைத்துவிட்டு, எனக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, கேட்காமலேயே என் பாதத்தைத் தூக்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார். நாள் முழுதும் வியர்வையில் ஊறி, எனக்கே முகம் சுளிக்க வைத்த கால் அது. வயதில் மூத்தவரின் மடியில் அதை வைத்திருக்கக் கூசி இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். “ஆட்டாதே” என்று மட்டும் சொன்னார்.

சர்க்கரை நோய் உண்டா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. இல்லை என்றேன். இருந்தால் ஊசியை எடுக்கவே மாட்டாராம். காலில் உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் குறைந்தவர்களுக்குச் சின்னத் துளைகூட ஆறாப் புண்ணாகிவிடலாம் என்பதால், அப்படிப்பட்டவர்களை நேரே மருத்துவரிடம் போகச் சொல்லிவிடுவாராம். பிறகு தம் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினார். என் கால்களையும் கழுவி, தேய்க்காமல் ஒற்றி ஒற்றித் துடைத்தார்.

சுண்டுவிரலில் நான் பிய்த்தெறியவிருந்த தோலை அவர் விரல்நுனியால் மெல்லத் தள்ளி, சுருக்கம் நீக்கி, பழைய இடத்திலேயே படிய வைத்தார். அடியில் இருக்கும் பச்சைப் புண்ணுக்கு அதைவிடப் பொருத்தமாக யாராலும் கட்டுப் போட முடியாது என்றார். அதன்மேல் பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகத் தடவி, புண்ணில் ஒட்டிக்கொள்ளாத துணியை வைத்துச் சுற்றினார்.

குதிகாலுக்குத்தான் நேரம் பிடித்தது. சிறிய கொப்புளமாக இருந்தால், வலியும் இல்லாவிட்டால், உடைக்காமல் விடுவதே நல்லது; ஆனால் ஒவ்வோர் அடியிலும் அழுந்தி, எப்படியும் தானாகக் கிழியப் போகிற பெரிய கொப்புளத்தை முறையாக வடிப்பது மேல் என்பது அவர் கணக்கு. அருகில் நின்ற ஒருவர் ஊசியைத் தீயில் காட்டச் சொன்னார். கரி படியும் என்று மறுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஊசியையும் கொப்புளத்தையும் துடைத்தார். இன்னொருவர், நூல் கோத்த ஊசியை உள்ளே விட்டு நூலை அப்படியே விட்டுவிட்டால் நீர் தானாக வடியும் என்று தாம் கண்ட வைத்தியத்தைச் சொன்னார். வெளியே போக வழி இருந்தால் கிருமி உள்ளே வரவும் அதுவே வழிதானே என்று இவர் சிரித்துக்கொண்டே கேட்டார். நடுவில் குத்தாமல், கொப்புளத்தின் ஓரத்தில், கீழ்ப்பக்கமாக மூன்று இடத்தில் துளையிட்டார். எனக்கு வலிக்கவேயில்லை. சுத்தமான துணியை வைத்து மெல்ல அழுத்த, தெளிந்த நீர் கசிந்து இறங்கியது. விம்மி நின்ற தோல் தளர்ந்து, அடித்தோலின்மேல் ஈரக் காகிதம் போலப் படிந்தது.

பிறகு தம் பையிலிருந்து ஃபெல்ட் எனப்படும், கம்பளி போன்ற தடித்த துணித் துண்டு ஒன்றையும் நகம் வெட்டும் சிறு கத்தரிக்கோலையும் எடுத்தார். கத்தரிக்கோலின் ஒரு கைப்பிடியில் நீல நூல் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. துண்டை இரண்டாக மடித்து, மடிப்பில் அரைவட்டமாக வெட்டிப் பிரித்தால் நடுவில் ஓட்டை விழுந்த வளையம் கிடைக்கும். கொப்புளம் அந்த ஓட்டைக்குள் அமர, ஷூவின் அழுத்தம் முழுவதையும் சுற்றியிருக்கும் வளையம் தாங்கிக்கொள்ளும். முதலில் வெட்டியதில் ஓட்டை சிறிதாகப் போய்விட்டது. ஓரத்தைச் செதுக்கிச் சமாளிக்காமல் அதை ஒதுக்கிவிட்டு, இருட்டிக்கொண்டு வந்ததால் துணியைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, மறுபடியும் புதிதாக வெட்டினார். அன்றைய உதவிகளில் என் மனத்தில் ஆழமாக நிற்பது அந்த இரண்டாவது வளையம்தான். முன்பின் தெரியாத ஒருவனுடைய குதிகாலுக்கு முதல் வளையமே போதும் என்று விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

முன்பாதத்தில் இருந்த மிளகைத் தொட்டுப் பார்த்து, “இது உன்னைத் தொந்தரவு செய்கிறதா?” என்றார். இல்லை என்றேன். “அப்படியானால் நாமும் அதைத் தொந்தரவு செய்ய வேண்டாம்” என்று விட்டுவிட்டார். அது இரண்டே நாளில் இருந்த இடம் தெரியாமல் அடங்கிவிட்டது.

நீங்கள் செவிலியரா என்று கேட்டேன். இல்லை, நிறைய நடப்பவள், அவ்வளவுதான் என்றார். கட்டைத் தினமும் மாற்றவும், நனைந்தால் உடனே மாற்றவும் சொன்னார். சிவப்பு பரவினாலோ, தொட்டால் சுட்டாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி, மீதமிருந்த ஃபெல்ட்டையும் கத்தரிக்கோலையும் என் கையில் வைத்துவிட்டு எழுந்து நடந்தார். மறுநாள் கட்டைப் பிரித்துப் பார்த்த மருத்துவர், செய்ய வேண்டியதை ஏற்கெனவே யாரோ செய்திருக்கிறார்கள் என்று சொல்லி, புதுத் துணி வைத்து மூடி அனுப்பிவிட்டார்.

படுத்துக் கிடந்த நாள்களில் கொப்புளத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஷூ வெளியிலிருந்து தோலைத் தேய்த்துத் தேய்த்துக் கரைப்பதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில், வியர்வையால் ஈரமான தோல் காலுறையோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னும் நகர்கிறது. இடையில் அகப்பட்ட தோலின் அடுக்குகள் இழுபட்டு, கடைசியில் மேல்தோலுக்குள்ளேயே பிளவு விழுந்து அங்கே நீர் சேர்கிறது. 24 மணி நேரத்துக்குள் அடியில் உள்ள செல்கள் வேகமாகப் பெருகத் தொடங்கி, ஏறத்தாழ 5 நாளில் புதிய மேலடுக்கை உண்டாக்கிவிடுகின்றன என்றும் படித்தேன். என் குதிகாலும் அந்தக் கணக்குத் தவறாமல் நடந்துகொண்டது. நேற்றுக் காய்ந்த பழைய தோலின் ஓரம் தானாக விலக, உள்ளே குழந்தையின் உதட்டு நிறத்தில் புதுத்தோல் தெரிந்தது.

1924-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குடியரசுத் தலைவராக இருந்த கால்வின் கூலிட்ஜின் 16 வயது மகன், காலுறை இல்லாமல் டென்னிஸ் ஆடியதில் கால்விரலில் ஒரு கொப்புளம் வந்து, அதில் ஏறிய கிருமி ரத்தத்தில் கலந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் இறந்துபோனான் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். நாட்டின் தலைசிறந்த மருத்துவர்கள் பக்கத்தில் இருந்தும், அவர்கள் கையில் ஆன்டிபயாடிக் மருந்து எதுவும் இல்லாத காலம் அது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நகத்து அழுக்கோடு அந்தத் தோலைப் பற்றிய என் விரல்கள் நினைவுக்கு வந்து, அன்றிரவு வெகுநேரம் தூங்காமல் கிடந்தேன்.

தவறு முழுக்க என்னுடையது என்பதையும் உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும். காலுக்குப் பழகாத புது ஷூவைப் போட்டேன். வியர்வையை உறிஞ்சி ஈரத்தை விடாமல் வைத்திருக்கும் பருத்திக் காலுறையை அணிந்தேன். இவற்றைவிடப் பெரிய தவறு, குதிகாலில் ஓரிடம் சுடத் தொடங்கியதை உணர்ந்தும், எல்லோரையும் நிற்க வைக்க வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தது. அப்போதே நின்று, காலை உலரவிட்டு, அந்த இடத்தில், காயக்கட்டுகளுக்கு ஒட்டும் பேப்பர் டேப்பை ஒட்டியிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது. ஆறு கட்டமாக 250 கிலோமீட்டர் ஓடும் வீரர்களிடம் செய்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த மலிவான டேப்பை முன்கூட்டியே ஒட்டியதால் மட்டும் கொப்புளம் சுமார் 40 சதவீதம் குறைந்ததாம்.

ஆகவே, அடுத்த முறை நம்மில் யாருக்காவது கால் சுடுகிறது என்று தோன்றினால் வாய்விட்டுச் சொல்லுங்கள். நிற்கும் முதல் ஆள் நானாக இருப்பேன். எதிரே தரையில் உட்காரவும், காலை மடியில் வாங்கிக்கொள்ளவும் கூச்சப்பட மாட்டேன் என்று உங்கள் அனைவர் முன்னிலையிலும் சொல்லி வைக்கிறேன். நேற்று வளையம் வெட்டிப் பழகிப் பார்த்தேன். மூன்று வீணாயின, நான்காவது பரவாயில்லை.

அம்மா, இது எப்படியாவது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை தெரிவியுங்கள். உங்களைத் தெரிந்தவர்கள் யாராவது படித்தாலும் சொல்லட்டும். நீல நூல் சுற்றிய கத்தரிக்கோல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. திருப்பித் தரத்தான் வேண்டும். உங்கள் பையில் அதற்கு வேலை இருக்கும்.