காட்டுக்குள் நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

சார்ப்ஸ்போர்க், நோர்வே
நவம்பர் 2019

அன்புடையீர், வணக்கம்.

2019ஆம் ஆண்டின் ஓரியண்டியரிங் உலகக் கிண்ணப் பருவம் கடந்த மாத இறுதியில் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் நிறைவடைந்தது. ஜூன் மாதம் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் தொடங்கி, ஓகஸ்டில் உலகச் சாம்பியன் போட்டியாக எங்கள் ஒஸ்ட்ஃபோல்ட் மாவட்டத்துக்கு வந்து, செப்டெம்பரில் சுவிற்சர்லாந்தின் லாவ்ஃபென் நகருக்குப் போய், அங்கிருந்து சீனாவுக்குச் சென்ற இந்த நான்கு சுற்றுகளில், ஒன்றில் தொண்டனாகவும் ஒன்றில் பார்வையாளனாகவும் மற்ற இரண்டில் வீட்டுக் கணினியின் முன்னால் தூக்கம் கெட்டவனாகவும் நான் இருந்தேன். இந்த ஐந்து மாதங்களில் எனக்குக் கைகொடுத்தவர்களின் பட்டியலை எழுதிப் பார்த்தபோது, நேரில் ஒருமுறைகூட ஒழுங்காக நன்றி சொல்லாதவர்களே அதில் அதிகம் என்பது தெரிந்தது. நோர்வேஜிய நண்பர்களுக்கு அவர்களுடைய மொழியில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். நம்மவர்களுக்கும், நம்மவர்கள் அறிய வேண்டும் என்பதற்காக அந்த நண்பர்களைப் பற்றியும், இதைத் தமிழில் எழுதுகிறேன்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓட்டத்தைத் தொடங்கும் கணத்தில்தான் வீரரின் கையில் வரைபடம் கிடைக்கும். அதில் குறிக்கப்பட்ட இடங்களை, நாங்கள் இங்கே ‘போஸ்ட்’ என்று சொல்பவற்றை, கொடுக்கப்பட்ட வரிசையில் தேடிப் பிடித்து, விரலிலோ மணிக்கட்டிலோ கட்டிய மின்னணுச் சில்லில் பதிவு செய்துகொண்டு, முடிவுக்கோட்டை அடைய வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது அவரவர் முடிவு. குன்றின் மேலாக ஏறலாம், சுற்றிப் போகலாம், சதுப்பில் முழங்கால் வரை இறங்கலாம். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது.

முதல் நன்றி, எனக்கு வரைபடம் வாசிக்கக் கற்றுத்தந்த ஓய்வுபெற்ற தச்சருக்கு உரியது. தன் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. மகளைக் கழகப் பயிற்சிக்குக் கூட்டிச் சென்று, குளிரில் காருக்குள் உட்கார்ந்திருந்த என்னை, கண்ணாடியில் தட்டி வெளியே அழைத்தவர் அவர்தான். யாழ்ப்பாணத்துத் தட்டை நிலத்தில் வளர்ந்த எனக்குச் சமவுயரக்கோடு என்பது புவியியல் பரீட்சையில் 5 புள்ளிக்கு வரும் கேள்வி, அவ்வளவே. அவர் என்னை ஒரு சரிவில் நிறுத்தி, வரைபடத்தில் இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தைக் காட்டி, ‘இது 5 மீற்றர், இப்போது ஏறு’ என்றார். ஏறினேன். ஐந்து மீற்றர் என்பது என் தொடைகளுக்குப் புரிந்தது. வரைபடத்தில் வெள்ளையாக விடப்பட்டிருப்பது வெறுமையைக் குறிப்பதன்று, நன்றாக ஓடக்கூடிய காட்டைக் குறிப்பது என்பதும், பச்சை கடுமையாகக் கடுமையாகக் காடு அடர்கிறது என்பதும், மஞ்சள் என்றால் திறந்த வெளி என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். பசுமையான இடமே இனிமையான இடம் என்று நம்பி வளர்ந்தவனுக்கு இதை மனத்தில் பதிய வைக்கச் சில மாதங்கள் பிடித்தன.

இரண்டாவது நன்றியைச் சொல்வதற்கு முன் என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த வசந்த காலத்தில், உலகப் போட்டிக்கு ஒத்திகை பார்ப்பதுபோல நடந்த சிறிய உள்ளூர்ப் போட்டி ஒன்றில், போஸ்ட் வைக்கும் பணி எனக்குத் தரப்பட்டது. முப்பது சென்ரிமீற்றர் பக்கமுள்ள, செம்மஞ்சளும் வெள்ளையும் கொண்ட முக்கோணக் கூடு போன்ற துணிக்கொடியை, இலக்கம் பொறித்த தாங்கியில் தொங்கவிட்டு, தடம் அமைத்தவர் முன்கூட்டியே கட்டிவைத்த சிறு நாடாவைத் தேடி, அதே இடத்தில் ஊன்ற வேண்டும். இலக்கங்கள் 31இல் இருந்துதான் தொடங்கும். தலைகீழாகப் பார்த்தால் குழப்பம் தரும் 66, 68, 86, 89, 98, 99 ஆகியவற்றைத் தவிர்ப்பது வழக்கம். இவ்வளவு யோசித்து வைத்திருப்பவர்களும் அதிகாலை 5 மணிக்கு அரைத்தூக்கத்தில் இருக்கும் என் கண்ணை யோசிக்கவில்லை. 57 நிற்க வேண்டிய பாறைக்குக் கீழே 75ஐயும், 75 நிற்க வேண்டிய பள்ளத்தில் 57ஐயும் ஊன்றிவிட்டு, பெருமையோடு தேநீர் குடிக்கப் போய்விட்டேன்.

அது போட்டி தொடங்கும் முன் திருத்தப்பட்டது. ஒவ்வொரு போஸ்டையும் வைத்தவர் அல்லாத இன்னொருவர் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்ற நடைமுறையை எங்கள் கழகத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்காத பெண்மணி ஒருவர் இருக்கிறார். அவர் அன்று காலை நனைந்த காலணிகளோடு திரும்பி வந்து, என்னைத் தனியே அழைத்து, ‘இரண்டையும் மாற்றி வைத்துவிட்டேன், அடுத்த முறை இலக்கத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு ஊன்று’ என்றார். வேறு யாரிடமும் சொல்லவில்லை. அவர் பார்த்திராவிட்டால் பல மாதங்கள் உழைத்த பலருடைய ஓட்டம் பிழையாகியிருக்கும். அவர் உரக்கச் சொல்லியிருந்தால் நான் ஓகஸ்டில் தொண்டனாக நின்றிருக்க மாட்டேன். அம்மா, அன்றிலிருந்து காட்டுக்குள் இலக்கத்தைத் தமிழில் உரக்க வாசித்துவிட்டுத்தான் ஊன்றுகிறேன். மான்கள் இதுவரை முறைப்பாடு செய்யவில்லை.

ஓகஸ்டு 13 முதல் 17 வரை நடந்த உலகச் சாம்பியன் போட்டிக்கு வருகிறேன். காட்டுப் போட்டிகள் ஓர் ஆண்டிலும் நகர விரைவோட்டங்கள் மறு ஆண்டிலும் என்று உலகப் போட்டி இரண்டாகப் பிரிக்கப்பட்ட பின் நடந்த முதல் காட்டுப் பதிப்பு இது. இப்படிப்பட்ட போட்டிக்குரிய காடு, வீரர்களுக்கு நீண்ட காலம் முன்பே தடைசெய்யப்பட்ட பகுதியாக அறிவிக்கப்படும். அந்தக் காலத்தில் வரைபடக் கலைஞர்கள் அதற்குள் நடந்து, ஒவ்வொரு பாறையையும் பள்ளத்தையும் சதுப்பின் விளிம்பையும் தாளில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். மழையிலும் உண்ணிக்கடியிலும் அவர்கள் தனியாக நடந்த நாள்களுக்குப் பார்வையாளர் யாரும் கிடையாது. பதக்க மேடையில் அவர்களுக்கு ஓர் இடம் கொடுக்கலாம் என்பது என் பிடிவாதமான கருத்து.

நடுத்தூர இறுதிப் போட்டியன்று எனக்குக் கிடைத்தது காவல் பணி. போஸ்டை யாரும் தட்டிவிடாமலும் அப்புறப்படுத்தாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஓடி வருபவர் என்னைக் கண்டு ‘ஆள் நிற்கிறான், போஸ்ட் அங்கேதான்’ என்று ஊகித்துவிடவும் கூடாது. ஆகவே சற்றுத் தள்ளி, ஒரு பைன் மரத்தின் பின்னால், புளூபெரிப் புதருக்கு நடுவே, மூன்று மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருந்தேன். இரண்டு நிமிட இடைவெளியில் புறப்பட்டவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் கிளை முறியும் ஓசை, பிறகு மூச்சு, பிறகுதான் ஆள். ஒரு வீராங்கனை எனக்குச் சில அடி தூரத்தில் பாறையிலிருந்து குதித்தார். இடது கையில் பல மடிப்பாக மடித்த வரைபடம், பெருவிரலில் திசைகாட்டி, அந்தப் பெருவிரலின் நுனி வரைபடத்தில் தான் நிற்கும் புள்ளியின் மேல். தாடையில் சேறு. போஸ்டில் நிற்கவே இல்லை. கையை நீட்டிப் பதிந்தபடியே அடுத்த திசைக்குத் திரும்பிவிட்டார். அவருடைய பார்வை என் மரத்தைக் கடந்து போனபோது மரத்துக்குக் கொடுத்த கவனத்தையே எனக்கும் கொடுத்தது. அதைவிட நல்ல சான்றிதழ் ஒரு காவலனுக்குக் கிடைக்காது.

பின்னேரம் திடலின் பக்கமிருந்து பெரும் ஆரவாரம் மரங்களுக்கு ஊடாக வந்தது. அது யாருக்கானது என்று அறிய வழி இருக்கவில்லை; தொலைபேசிக்கு அங்கே அலை கிடைக்கவில்லை. கொடிகளைச் சேகரித்துக்கொண்டு திரும்பிய பிறகுதான், நீள்தூரத்தை ஏற்கெனவே வென்றிருந்த எங்கள் ஒலாவ் லுண்டனெஸ் நடுத்தூரத்தையும் வென்றார் என்பதும், பெண்கள் பிரிவில் சுவீடனின் தூவே அலெக்சாண்டர்சொன் அதேபோல இரண்டையும் வென்றுவிட்டார் என்பதும் தெரிந்தது. தூவே பின்னர் அஞ்சலோட்டத் தங்கத்தையும் சேர்த்துக்கொண்டார். அஞ்சலோட்டத்தின் இரு பிரிவுகளையும் சுவீடன்காரர்கள் எடுத்துக்கொண்டு எல்லை தாண்டியதைப் பற்றி எங்கள் கழகத்தில் இன்றுவரை யாரும் விரும்பிப் பேசுவதில்லை.

காட்டின் சொந்தக்காரர்களுக்கு நன்றி. நோர்வேயில் யாருடைய காட்டிலும் யாரும் நடக்கலாம், பழம் பறிக்கலாம். 1957ஆம் ஆண்டின் சட்டம் அந்த உரிமையை உறுதிசெய்கிறது. ஆனால் போட்டி நடத்துவதற்குச் சொந்தக்காரரின் இசைவு வேண்டும். ஒரு விவசாயியிடம், அறுவடை முடிந்த வயலை வாகனத் தரிப்பிடமாகக் கேட்க, எங்கள் தலைவர் என்னையும் கூட்டிச் சென்றார். கோப்பி தந்தார், வயலையும் தந்தார். போட்டி முடிந்த மறுநாள் சக்கரத் தடங்களை நாங்கள் சமன்படுத்தப் போனபோது, தாமே உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து பாதியை முடித்து வைத்திருந்தார். டுக்னாட் என்று இந்த நாட்டவர் சொல்லும் கூட்டுழைப்பு இதுதான். நம் ஊரில் கோயில் திருவிழாவுக்கு முதல்நாள் தெருக்கூட்டப் போனவர்களுக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

அதை நன்றாகவே புரிந்துகொண்டவர்கள் நம் தமிழ்க் குடும்பங்கள். ஒன்பது குடும்பங்கள் முறை வைத்து வந்தன. வாகனத் தரிப்பிடத்தில் மஞ்சள் மேலங்கியோடு நின்ற தம்பிமார், தண்ணீர்க் கலன்களைச் சுமந்த பல்கலைக்கழகப் பிள்ளைகள், குழந்தைகளுக்கான சிறு ஓட்டத்தில் தொலைந்துபோன ஒரு குழந்தையை அழாமல் பார்த்துக்கொண்ட அக்கா, எல்லாருக்கும் நன்றி. தொண்டர்களுக்கு வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் மட்டுமே உணவு என்று அறிந்ததும், முதல்நாள் இரவு முழுவதும் விழித்திருந்து மரக்கறி ரோல்ஸ் செய்துவந்த அண்ணிக்குத் தனியாக. ‘உறைப்பு’ என்று நான் எச்சரித்தும் கேளாமல் மூன்றைத் தின்றுவிட்டுச் சிவந்த முகத்தோடு தண்ணீர் தேடிய நேரப்பதிவு அலுவலர், இப்போது செயற்குழுக் கூட்டங்களுக்கும் அதைக் கேட்கிறார்.

செப்டெம்பர் இறுதியில் லாவ்ஃபெனுக்குப் போக விடுமுறை தந்த என் வேலைத்தலப் பொறுப்பாளருக்கும், எனக்காக இரண்டு இரவு முறைகளை ஏற்றுக்கொண்ட சக ஊழியருக்கும் நன்றி. பாசலில் இருக்கும் என் சித்தப்பா மகன் மூன்று நாளும் வீடும் சோறும் தந்ததோடு, தனக்குச் சற்றும் பிடிக்காத ஒரு விளையாட்டைப் பார்க்க மலைச்சரிவு வரை நடந்தும் வந்தான். எங்கள் காட்டின் சதுப்புக்குப் பழகிய கண்ணுக்கு, யூரா மலையின் சுண்ணாம்புப் பாறையும் செங்குத்தான புல்வெளியும் வேறொரு உலகம். அங்கே சுவிஸ் தொண்டர்கள், நானும் தொண்டன் என்று சொன்னதும், வேலிக்கு இந்தப் பக்கம் நின்றவனை அந்தப் பக்கம் அழைத்து, தேநீர் ஊற்றித் தந்தார்கள். அவர்களுடைய ஜெர்மன் எனக்குப் புரியவில்லை. மழைக்கவசத்தை மடித்துப் பையில் வைக்கும் விதம் எங்களுடையதைப் போலவே இருந்தது.

சீனச் சுற்றை வீட்டிலிருந்தே இணைய ஒளிபரப்பில் பார்த்தோம். வீரர்களின் முதுகில் உள்ள கருவி அனுப்பும் புள்ளிகள் வரைபடத்தில் எறும்புபோல ஊர்வதைப் பார்ப்பதற்கு, என் மகளும் அயல்வீட்டுத் தம்பதியும் நடுநிசியில் வந்து உட்கார்ந்தார்கள். முதல்நாள் சீனாவுக்கும் எங்களுக்கும் 6 மணி நேர வேறுபாடு. ஒக்டோபர் 27 அதிகாலை எங்கள் கடிகாரம் குளிர்கால நேரத்துக்குப் பின்நோக்கி நகர, வேறுபாடு 7 ஆனது. நான் இதைக் கணக்கில் எடுக்கவில்லை, மகள் எடுத்திருந்தாள். அவள் எழுப்பியிராவிட்டால் மறுநாள் ஓட்டத்தைத் தவறவிட்டிருப்பேன். பருவத்தின் மொத்தப் புள்ளிகளில் தூவேயும் சுவீடனின் குஸ்தாவ் பெர்க்மனும் கிண்ணத்தை வென்றதைப் பார்த்துவிட்டு, விடிவதற்குள் ஒரு மணி நேரம் தூங்கி, வேலைக்குப் போனேன். பிட்டும் சம்பலும் கட்டித்தந்து, ‘இனி அடுத்த ஆண்டுதானே’ என்று நிம்மதியாகக் கேட்ட மனைவிக்கு என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. அடுத்த உலகப் போட்டி டென்மார்க்கில், நகர வீதிகளில். கப்பலில் போய்விடலாம் என்று மகள் ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறாள்.

ஒஸ்ட்ஃபோல்ட் என்ற மாவட்டம் வரும் ஜனவரி முதலாம் நாள் வீக்கன் என்ற பெரிய மாவட்டத்துக்குள் கரையப் போகிறது. ஆகவே அந்தப் பெயர் அச்சிட்ட தொண்டர் மேலங்கிகளைத் திருப்பித் தரத் தேவையில்லை, வைத்துக்கொள்ளலாம் என்று கழகம் அறிவித்திருக்கிறது. ஆனால் கடன் வாங்கிய தலைவிளக்குகள் நான்கும், கூடாரக் கட்டை ஒன்றும் இன்னும் வந்து சேரவில்லை. எடுத்தவர்கள் தயவுசெய்து கொண்டுவந்து தரவும். என் காரின் பின்பெட்டியில் 41 அளவு நீல நிறச் சேற்றுச் சப்பாத்து ஒரு சோடி ஓகஸ்டிலிருந்து கிடக்கிறது. கழுவிக் காயவைத்துவிட்டேன். உரியவர் எந்த ஞாயிறும் வந்து பெற்றுக்கொள்ளலாம், தேநீர் இருக்கும்.

மிக்க நன்றியுடன்,
நடுத்தூர இறுதிப் போட்டியில் பைன் மரத்தின் பின்னால் இருந்தவன்